'ஸ்வீட் ஹோம் அலபாமா': அந்த "பூ... பூ... பூ..." யாரைப் பார்த்து?

கிதார்பாலா எழுதியது:

ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம். இங்கே இசை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால கொட்டிடறேன்.

2022-ல் எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா ஓய்வு பெற்றாங்க. கறுப்பினப் பெண்மணி, பிறந்து வளர்ந்தது அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம். நான் அட்லாண்டாவுக்கு வந்த புதுசுல இன்ஷூரன்ஸ் படிவம், வரிப் படிவம்னு ஒண்ணும் புரியாம முழிச்சப்போ பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமா நிரப்பிக் கொடுத்தவங்க. அவங்களுக்கு என் கையால ஏதாவது செய்யணும்னு ஆசை. அலபாமாக்காரங்கதானே, லெனர்ட் ஸ்கினர்ட் குழுவோட 'ஸ்வீட் ஹோம் அலபாமா' பாட்டையே வாசிச்சிடுவோம்னு கிதாரைத் தூக்கிட்டுப் போனேன்.

அந்த ஆரம்பத் துண்டு உங்களுக்குத் தெரியும். கிதார் கத்துக்கிற எல்லாரும் முதல் வருஷமே வாசிச்சுப் பார்த்திருப்பாங்க. நாலு நோட் போறதுக்குள்ள கூட்டம் கை தட்ட ஆரம்பிச்சிடுச்சு. அவங்க மட்டும் கையில இருந்த கேக் தட்டை மேசையில வெச்சாங்க. முள்கரண்டியைத் தட்டுக்குள்ள நேரா எடுத்து வெச்சாங்க. கதவைத் திறந்து வெளியே போயிட்டாங்க.

அப்புறம் கார் நிறுத்துற இடத்துல பார்த்தேன். கோபமே இல்லை. "நீ நல்லா வாசிச்சே. ஆனா அந்தப் பாட்டு எங்க வீட்டு வாசப்படி ஏறினதில்லை. 63-ல் எனக்கு ஆறு வயசு." அவ்வளவுதான் சொன்னாங்க.

இருபது வருஷமா எனக்குப் பிடிச்ச பாட்டு. அதுல என்ன இருக்குன்னு நான் ஒருநாளும் கேட்கலை. இப்போ கேட்கிறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டூரிங் டாக்கீஸ் எழுதியது:

பாலா, ஊரை நினைச்சு ஏங்கிப் பாடின பாட்டு அது. ஊர்ப்பாசம் யாருக்கு இல்லை? பாட்டைப் பாட்டா கேளுங்க, குடைஞ்சா எதுவுமே மிஞ்சாது என்பது என் கருத்து.

தென்திசை எழுதியது:

டூரிங் டாக்கீஸ், அங்கேதான் முதல் சிக்கல். அது அவர்கள் ஊரே இல்லை. பாட்டை எழுதியவர்கள் மூன்று பேர். பாடகர் ரானி வான் ஸான்ட்டும் கிதார்காரர் கேரி ராசிங்டனும் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்காரர்கள். மூன்றாமவர் எட் கிங், கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர். அலபாமாவில் பிறந்தவர் மூவரில் ஒருவர்கூடக் கிடையாது.

இந்தக் குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லெனர்ட் ஸ்கினர்ட் என்பது குழுவின் பெயர். பள்ளிக்கூடத்தில் இவர்கள் நீள முடி வைத்திருந்ததற்காக விரட்டிய உடற்பயிற்சி ஆசிரியர் லெனர்ட் ஸ்கின்னரின் பெயரைத்தான் எழுத்தை மாற்றிப் போட்டு வைத்துக்கொண்டார்கள். முதல் ஆல்பத்தின் தலைப்பே இந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதற்கான குறிப்புதான். 1972-ல் அட்லாண்டாவின் ஒரு கிளப்பில் இவர்கள் வாசித்ததைக் கேட்டு ஒப்பந்தம் போட்டவர் ஆல் கூப்பர். பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டில் ஆர்கன் வாசித்தவர் என்றால் பலருக்குப் பிடிபடும்.

எட் கிங் குழுவுக்கு வந்தது பேஸ் கிதார் வாசிக்க. பேஸ் வாசித்துக்கொண்டிருந்த லியான் வில்கிசன் நடுவில் விலகிப் போயிருந்தார். அவர் திரும்பி வந்ததும் கிங்கை மூன்றாவது கிதாருக்கு மாற்றினார்கள். மாறிய கொஞ்ச நாளிலேயே இந்தப் பாட்டு பிறந்துவிட்டது. ஒத்திகையில் ராசிங்டன் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருக்கிறார். அறைக்குள் வந்த கிங் கிதாரை எடுத்து அதற்குப் பதில் சொல்வதுபோல் ஒன்றை வாசிக்கிறார். இன்றைக்கு உலகமே முணுமுணுக்கிற ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிதார்த் துண்டு, அந்தப் பதில்தான். ராசிங்டன் மீட்டிய மூலத் துண்டும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வரிகள் பாடப்படும்போது பின்னால் கவனித்துக் கேளுங்கள். வான் ஸான்ட் தாளில் எழுதுகிற பழக்கமே இல்லாதவர். வாசிக்க வாசிக்க மனசுக்குள்ளேயே வரிகளைக் கோத்துவிடுவார்.

1973 ஜூனில் பதிவு. முதல் ஆல்பமே அப்போது வெளிவரவில்லை, ஆகஸ்டில்தான் வந்தது. அந்தப் பாட்டை அதில் சேர்க்காமல் அடுத்த ஆல்பத்துக்கு எடுத்து வைத்தார்கள். 1974 ஏப்ரலில் 'செகண்ட் ஹெல்ப்பிங்' வந்தது. அதிலிருந்து தனித்தட்டாக முதலில் வெளியிட்டது வேறு பாட்டு. அது எடுபடவில்லை. ஜூனில் இதை வெளியிட்டார்கள். அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 8-ஆம் இடம். அதற்கு மேலே அந்தக் குழுவின் எந்தத் தனித்தட்டும் ஏறவில்லை. அவர்களுடைய 'ஃப்ரீ பேர்ட்' கூட 1975 ஜனவரியில் 19-ஆம் இடம் வரைதான் வந்தது.

பதிவு நடந்தது அலபாமாவில்கூட இல்லை. ஜார்ஜியாவில், டோராவில் என்ற ஊரில், ஸ்டுடியோ ஒன் என்ற கூடத்தில்.

கிதார்பாலா எழுதியது:

டோராவிலா! நான் வாராவாரம் காய்கறி வாங்கப் போற ஊர் அது. பியூஃபோர்ட் நெடுஞ்சாலையில கொரியன் கடை, வியட்நாம் கடைன்னு வரிசையா இருக்கும். கருவேப்பிலை தேடி நான் சுத்தின ஊர்ல இந்தப் பாட்டு பதிவாகியிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

வன்னிக்காற்று எழுதியது:

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இந்தப் பாட்டில ஒரு ஆளின்ர பேரைச் சொல்லியே திட்டுறாங்கள் எல்லோ, அந்தப் பாடகர் நீல் யங் இஞ்ச பிறந்தவர். 1945இல. அதால எனக்கு இந்தக் கதையில எப்பவும் ஒரு பக்கச்சார்பு இருந்தது. முதலிலேயே சொல்லிப் போட்டுத்தான் கதைக்கிறன்.

1970இல நீல் யங் 'சதர்ன் மேன்' எண்டு ஒரு பாட்டுப் போட்டவர். 'தெற்கத்திக்காரா' எண்டு கூப்பிட்டு, சாட்டையடியும் கறுப்பின மக்களை மிரட்டச் சிலுவையை எரிச்சதும் உன்ர மண்ணில நடந்தது, கடனை எப்ப திருப்பிக் குடுக்கப் போறாய் எண்டு கேக்கிற பாட்டு. பிறகு 1972இல 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தில 'அலபாமா' எண்டு இன்னொண்டு. இந்த ரெண்டுக்கும் சேர்த்த மறுமொழிதான் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'.

வான் ஸான்ட் அதுக்குச் சொன்ன விளக்கம், ஒண்டு ரெண்டு வாத்தைக் கொல்லுறதுக்கு நீல் முழுக் கூட்டத்தையும் சுட்டுப் போட்டார் எண்டது. தெற்கில இருக்கிற எல்லாரையும் ஒரே தராசில நிறுத்தினது பிழை எண்டு அவருக்குக் கோபம். கோபம் வந்ததே தவிர பகை வரேல்லை. நீல் யங்கின்ர பாட்டுகளை அவர் விரும்பிக் கேட்டவர். 1977இல வந்த 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' ஆல்பத்தின்ர அட்டையைப் பாருங்கோ. வான் ஸான்ட் போட்டிருக்கிற ரீசேட்டில இருக்கிறது நீல் யங்கின்ர 'டுநைட்ஸ் த நைட்' படம். நீல் யங்கும் தன்ர 'பவுடர்ஃபிங்கர்' பாட்டை முதல்ல இவைக்குத்தான் அனுப்பினவர்.

ஸ்வரஜதி எழுதியது:

பாலா, நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறவள். அரசியல் உங்களுக்குள்ளே பேசுங்கள். காதுக்குப் பட்டதை மட்டும் நான் சொல்கிறேன்.

பாட்டு பெரும்பாலும் மூன்றே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு. எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று: டி-யில் இரண்டு, சி-யில் இரண்டு, ஜி-யில் நான்கு. நம் கணக்கில் டி இரண்டு கட்டை, ஜி ஐந்து கட்டை. இப்போது கேள்வி, இந்தப் பாட்டுக்கு ஸ எது?

நேற்று ராத்திரி சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து, பாட்டை ஓடவிட்டுக் கூடவே ஸ்வரம் பாடிப் பார்த்தேன். டி-யை ஸ என்று பிடித்தால் வருகிற ஸ்வரங்கள் அப்படியே ஹரிகாம்போஜி ராகம். கைசிகி நிஷாதம் அந்த சி கார்டில் வந்து உட்காருகிறது. பிறகு பெட்டியை ஐந்து கட்டைக்கு மாற்றினேன். அதே ஸ்வரங்கள், இப்போது சங்கராபரணம். கிரகபேதம் சொல்லிக் கொடுக்கும்போது சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஸ ஆக்கினால் ஹரிகாம்போஜி என்று பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவோமே, அதேதான்.

தொடங்குவது டி-யில் என்பதால் காது அதை ஆதார சுருதி என்று நம்புகிறது. ஆனால் சுற்றில் பாதி நேரம் நின்று இளைப்பாறுவது ஜி-யில். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நம்பிக்கை கொஞ்சம் அசைகிறது. பாட்டு அலுக்காமல் ஓடுவதற்கு இந்த அசைவு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆறுதந்தி எழுதியது:

டீச்சர், நீங்க கண்டுபிடிச்ச இதே சண்டை அந்த ஸ்டுடியோவுலயே நடந்திருக்கு! எட் கிங்கைப் பொறுத்தவரை பாட்டு ஜி-யில் இருக்கு. தன்னோட சோலோவை, அதாவது தனியா வாசிக்கிற கிதார்ப் பகுதியை, அவர் அப்படித்தான் வாசிச்சார். தயாரிப்பாளர் ஆல் கூப்பர் டி-ன்னு எடுத்துக்கிட்டதால, சோலோ தப்பான சுருதியில இருக்குன்னு அவருக்குத் தோணியிருக்கு. கிங் மாத்தலை. சோலோ முழுசும் ஸ்வரம் தப்பாம கனவுல வந்ததுன்னு அவர் பிற்காலத்துல பலமுறை சொல்லியிருக்கார். எவ்வளவோ பேர் எவ்வளவோ மேடையில அந்தச் சோலோவை மாத்தி வாசிச்சுப் பார்த்துட்டாங்க, ஒண்ணும் ஒட்டாது.

பதிவு பத்தி இன்னும் கொஞ்சம். அடிப்படைத் தடத்தை மூணு பேர்தான் வாசிச்சாங்க: கிங் கிதார், வில்கிசன் பேஸ், பாப் பர்ன்ஸ் டிரம்ஸ். ஆரம்பத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ற குரல் கிங்கோடது. அடுத்து வான் ஸான்ட் சத்தத்தைக் கூட்டச் சொல்ற குரல் வருதே, அது ரசிகர்களுக்குச் சொன்னது இல்லை. தன் ஹெட்ஃபோன்ல சத்தம் பத்தலைன்னு பொறியாளர்கிட்ட சொன்னது. அப்படியே விட்டுட்டாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க அந்தக் குரலைக் கேட்டதும் வால்யூமைத் திருகுறோம்.

இன்னொண்ணு, ஹெட்ஃபோன் மாட்டிட்டு இடது காதைக் கவனிங்க. நீல் யங் பேர் முதல் தடவை வந்த உடனே, 55-வது வினாடி வாக்குல, ரொம்ப மெல்லிசா 'சதர்ன் மேன்'னு ஒரு குரல் இழுக்கும். அது கூப்பர், நீல் யங் குரல்ல பாடிக் காட்டுறார். நான் பதினைஞ்சு வருஷம் வாசிச்ச பிறகுதான் அதைக் கேட்டேன்.

ராக்கெட் ஊர்க்காரன் எழுதியது:

நான் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில்லில் 18 வருஷமாக இருக்கிறேன். இங்கே இந்தப் பாட்டு காற்று மாதிரி. 2009-ல் வந்த கார் நம்பர் பிளேட்டிலேயே இந்த மூன்று சொல்லைப் போட்டார்கள். டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும்போது அரங்கம் முழுக்கப் பாடுவார்கள். நடுவில் இடைவெளி வருகிற இடத்தில் தங்கள் அணியின் முழக்கத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்குள் நின்றால் உடம்பு சிலிர்க்கும். மறுக்க மாட்டேன்.

ஆனால் பாலா, உங்கள் அலுவலக அம்மாவுக்கு 63-ல் ஆறு வயது என்றீர்கள். அந்த வருஷம் பர்மிங்ஹாமில் என்ன நடந்தது என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜனவரியில் ஜார்ஜ் வாலஸ் ஆளுநராகப் பதவியேற்றார். இனப் பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் இருக்கும் என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னவர். மே மாதம் பர்மிங்ஹாம் தெருக்களில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது தீயணைப்புக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், போலீஸ் நாய்களை ஏவினார்கள். ஜூனில் இரண்டு கறுப்பின மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் போகாமல் தடுக்க வாலஸ் தானே வாசலில் போய் நின்றார். செப்டம்பர் 15, ஞாயிறு காலை, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூன்று பேருக்கு வயது 14, ஒருத்திக்கு 11.

நான் அந்தத் தேவாலயத்துக்குப் போயிருக்கிறேன். செங்கல் கட்டடம், எதிரில் பூங்கா. பூங்காவில் பாய்கிற நாய்களைச் சிற்பமாக வடித்து நடைபாதையின் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவில்தான் நாம் நடந்து போக வேண்டும்.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். மூன்றாவது பத்தி பர்மிங்ஹாமில் தொடங்குகிறது. அங்கே ஆளுநரை நேசிக்கிறார்கள் என்று வான் ஸான்ட் பாடுகிறார். உடனே பின்னணிக் குரல்கள் "பூ... பூ... பூ..." என்கின்றன. நம் கொட்டகையில் பிடிக்காத ஆள் திரையில் வந்தால் "ஊ..." என்று கத்துவோமே, அதுதான் அவர்களுக்கு "பூ". குழுவை ஆதரிப்பவர்கள் பிடித்துக்கொள்கிற கயிறு இதுதான்: ஆளுநரைப் புகழ்ந்த அடுத்த கணமே பாட்டு அவரை எள்ளி ஊளையிடுகிறது, ஆகவே இது வாலஸுக்கு எதிரான பாட்டு.

அப்படியானால் அடுத்த வரி? எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்று வருகிறதே. வாலஸைத் தோற்கடிக்க முயன்றோம் என்றும் படிக்கலாம், வாலஸுக்காக உழைத்தோம் என்றும் படிக்கலாம். எழுதியவர் கதவைச் சாத்தவில்லை.

நெருஞ்சி எழுதியது:

அந்த "பூ"வை வைத்துக்கொண்டு குழுவைக் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம். மேடையில் அவர்களுக்குப் பின்னால் தொங்கியது என்ன? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி. ரெக்கார்டு கம்பெனி விளம்பரத்துக்காகத் தொடங்கிவைத்தது என்பார்கள். இருக்கட்டும். தொடர்ந்து தொங்கவிட்டது யார்? 2012-ல் அந்தக் கொடி வெறுப்பின் அடையாளமாகிவிட்டது, இனி வேண்டாம் என்று ராசிங்டன் ஒரு பேட்டியில் சொன்னார். ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாளில் பின்வாங்கிவிட்டார்கள். ஒரு பாட்டின் பொருளை அதைக் கேட்கிற கூட்டம் எப்படிக் கைப்பற்றும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதிபர் நிக்சன் சிக்கிய வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய வரியும் அப்படித்தான். அது எங்களை உறுத்தவில்லை, உங்கள் மனசாட்சி உறுத்துகிறதா என்று வடக்கைப் பார்த்துக் கேட்கிறார்கள். நிக்சனைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், எங்களுக்கு ஏன் பாடம் நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். பதிவு நடந்த 1973 ஜூனில் வாட்டர்கேட் விசாரணை தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது, சூடான வரிதான். ஆனால் 1972 தேர்தலில் நிக்சன் 49 மாநிலங்களில் வென்றார். அதில் அலபாமாவும் உண்டு. ஆக அந்தக் கேள்விக்கு வலுவே இல்லை. தேவாலயத்தில் செத்த பிள்ளைகளுக்கு வாட்டர்கேட் பதிலாகாது.

வாலஸ் இந்தக் குழுவுக்கு மாநிலப் படையின் கௌரவ லெஃப்டினன்ட் கர்னல் பட்டம் கொடுத்தார். அவருக்கு அந்த "பூ" உறைக்கவே இல்லை என்றுதானே பொருள்?

தென்திசை எழுதியது:

நெருஞ்சி, கொடி விஷயத்தில் உங்களோடு எனக்கு வாதமில்லை. பட்டத்தை வான் ஸான்ட் விளம்பர வித்தை என்று தள்ளிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களைப் பற்றி வாலஸ் பேசுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதே 'செகண்ட் ஹெல்ப்பிங்' ஆல்பத்தில் 'த பாலட் ஆஃப் கர்டிஸ் லோ' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஊரே ஒதுக்கிவைத்த ஒரு கறுப்பின ப்ளூஸ் கிதார்க் கிழவரிடம் ஓடிப்போய்க் கேட்டு வளர்ந்த சிறுவனின் பாட்டு. எனக்குக் கண் கலங்கும். இதற்கும் அதற்கும் வரிகளைக் கோத்தது ஒரே ஆள்.

கடைசிப் பத்தியை யாரும் தொடவில்லையே. அலபாமாவோடு இந்தக் குழுவுக்கு இருந்த உண்மையான உறவு அதில்தான் இருக்கிறது. மஸ்ஸல் ஷோல்ஸ் ஊரையும் 'ஸ்வாம்பர்ஸ்' என்ற வாத்தியக்காரர்களையும் வாழ்த்துகிற பத்தி அது. டிரம்ஸ் ராஜர் ஹாக்கின்ஸ், பேஸ் டேவிட் ஹுட், கிதார் ஜிம்மி ஜான்சன், கீபோர்டு பாரி பெக்கெட். நான்கு வெள்ளைக்கார இளைஞர்கள். வாலஸ் ஆண்ட அதே மாநிலத்தில் அரீதா ஃபிராங்க்ளின், வில்சன் பிக்கெட், ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் போன்ற கறுப்பினப் பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்கள். 1969-ல் பக்கத்து ஷெஃபீல்டில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தார்கள். பெயரே கிடைக்காத காலத்தில் லெனர்ட் ஸ்கினர்டை அங்கே அழைத்துப் பதிவு செய்தவர் ஜிம்மி ஜான்சன். அந்தப் பதிவுகள் அப்போது விலைபோகவில்லை, 1978-ல்தான் ஆல்பமாக வந்தன. அந்த நன்றிக்கடனைத்தான் இந்தப் பத்தியில் தீர்த்தார்கள். 'ஸ்வாம்பர்ஸ்' என்ற பெயரை ஊரறியச் செய்தது இந்தப் பாட்டுதான்.

கோரஸ் குயில் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு பேசிட்டீங்க. பாடின பொம்பளைங்க பேரை ஒருத்தர்கூடச் சொல்லலை. அதனால எழுதறேன்.

நான் பதினாலு வருஷம் மெல்லிசைக் குழுவுல கோரஸ் பாடினவ. கச்சேரிக்கு இவ்வளவுன்னு காசு. மைக் ரெண்டு பேருக்கு ஒண்ணு. எந்தப் பாட்டுன்னு மேடை ஏறின பிறகுதான் தெரியும். பிடிச்ச பாட்டும் பாடணும், காது கூசுற பாட்டும் பாடணும். முன்னால நிக்கிறவர் பேர் போஸ்டர்ல இருக்கும். நாங்க இருந்ததுக்கு அடையாளம் ஒலிநாடாவுல மட்டும்தான்.

இந்தப் பாட்டுல அலபாமான்னு இழுத்து மேலே தூக்கிக் கொடுக்கிற பெண் குரல்கள் யாரோடது தெரியுமா? கிளைடி கிங், மெர்ரி கிளேட்டன். ரெண்டு பேரும் கறுப்பினப் பெண்கள். ரெண்டு பேரும் பாடகர் ரே சார்ல்ஸோட ரேலெட்ஸ்ங்கிற கோரஸ் குழுவுல பாடினவங்க. மெர்ரி கிளேட்டன் நியூ ஆர்லியன்ஸ்ல பிறந்த போதகர் மகள். 1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸோட 'கிம்மி ஷெல்டர்' பாட்டுல குரல் உடையுற அளவுக்கு உச்சத்துல கத்திப் பாடுறது அவங்கதான்.

பாட வரச்சொல்லி கிளைடி கிங் கூப்பிட்டப்போ, எந்தப் பாட்டுன்னு மெர்ரி கிளேட்டன் கேட்டிருக்காங்க. அலபாமான்னதும் முடியாதுன்னுட்டாங்க. அலபாமாவை யாராவது இனிய வீடுன்னு பாடுவாங்களா, அந்த நாலு பிள்ளைங்க செத்த இடமாச்சேன்னு. அவங்க கணவர் கர்டிஸ் ஏமி, ஜாஸ் சாக்ஸபோன் வித்வான், போய்ப் பாடுன்னு எடுத்துச் சொல்லியிருக்கார். போனாங்க. ஒப்புக்குப் பாடிட்டு வரலை. முன்வரிசையில நின்னு போராட முடியலை, பாடுறதே எங்க போராட்டமா இருந்ததுங்கிற மாதிரி பிற்காலத்துல பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க.

இன்னொரு விஷயம் சொல்றேன், அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. 1971-ல் மெர்ரி கிளேட்டன் தன் பேர்லயே ஒரு ஆல்பம் போட்டாங்க. அதுல 'சதர்ன் மேன்' பாடியிருக்காங்க. நீல் யங்கோட அதே பாட்டு. அவர் பாடினது குற்றச்சாட்டு மாதிரி இருக்கும். இவங்க பாடினது, சாட்டை விழுந்த முதுகே எழுந்து நின்னு கேக்குற மாதிரி இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பாட்டுக்கு மறுப்பா எழுதின பாட்டுல அதே தொண்டை பின்னால நிக்குது.

அந்த "பூ"வுக்கு என்ன அர்த்தம்னு வான் ஸான்ட் மனசுல தேடாதீங்க. அவர் போயாச்சு. கோரஸைக் கேளுங்க. கடைசிச் சுற்றுல பியானோ உருளும்போது அந்தக் குரல்கள் ஏறுற ஏத்தத்துல ஊர்ப்பாசம் இல்லை. நான் கேட்ட வரைக்கும், அது கணக்குக் கேக்குற குரல். கூலிக்குப் பாடினவளுக்கும் கருத்து உண்டு. அதைச் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்காதப்போ ஏத்த இறக்கத்துலதான் சொல்லுவோம்.

டூரிங் டாக்கீஸ் எழுதியது:

அக்கா, குடையாதீங்கன்னு மேலே எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். 1971 ஆல்பத்தை இப்போதான் கேட்டு முடிச்சேன்.

நெருஞ்சி எழுதியது:

கொடியைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பெண்களின் குரலை இதுவரை அலங்காரமாக மட்டும் கேட்டிருக்கிறேன். அது என் தவறு.

வன்னிக்காற்று எழுதியது:

கதையின்ர மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறன். 1977 ஒக்டோபர் 17 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' வெளிவந்தது. மூண்டு நாளைக்குப் பிறகு, 20ஆம் திகதி, இவை போன விமானம் எரிபொருள் முடிஞ்சு மிசிசிப்பியில கில்ஸ்பேர்க் பக்கத்துக் காட்டுக்குள்ள விழுந்தது. வான் ஸான்ட், கிதார்காரர் ஸ்டீவ் கெயின்ஸ், அவரின்ர அக்கா கசி கெயின்ஸ், உதவிப் பயண மேலாளர் ஒருவர், விமானிகள் ரெண்டு பேர் எண்டு ஆறு பேர் செத்துப் போச்சினம். அட்டைப் படத்தில அவையைச் சுத்தி நெருப்பு இருந்தது. அதை எடுத்துப் போட்டு வேற படம் போட்டவை.

அடுத்த மாசம் மயாமியில ஒரு நிதி சேர்ப்புக் கச்சேரி. நீல் யங் தன்ர 'அலபாமா'வைப் பாடிக்கொண்டே போய், அப்பிடியே 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வுக்குள்ள இறங்கினவர். தன்னைத் திட்டின பாட்டை, திட்டினவன் செத்த பிறகு, தானே பாடினவர். 2012இல வந்த தன்ர நினைவுக் குறிப்பில, 'அலபாமா' பாட்டில தான் எழுதின சொற்கள் குற்றஞ்சாட்டுற, மேலிருந்து பாக்கிற சொற்கள், அந்த அடி எனக்கு வேண்டியதுதான் எண்டு எழுதியிருக்கிறார். கவனியுங்கோ, அது 'அலபாமா' பற்றி மட்டும். 'சதர்ன் மேன்' பாட்டை அப்பிடிச் சொல்லேல்லை.

ஆறுதந்தி எழுதியது:

எட் கிங் 2018 ஆகஸ்ட்ல போயிட்டார். ராசிங்டன் 2023 மார்ச்ல. முதல் குழுவுல கடைசியா மிச்சமிருந்தவர் அவர்தான்.

கிதார்பாலா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா இதைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டிருந்தேன்.

நேத்து அந்த அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். முதல்ல மன்னிப்பு. அப்புறம் மெர்ரி கிளேட்டனோட 'சதர்ன் மேன்'. பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. அந்தத் தட்டு அவங்க அக்காகிட்ட இருந்ததாம். ஊசி பட்டுத் தேய்ஞ்சு முதல் பாட்டு மட்டும் இரையும்னு எழுதியிருந்தாங்க. அதே பாடகிதான் அந்த இன்னொரு பாட்டுலயும் இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் எதுவும் வரலை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே வரி: "எந்த இடத்துல?"

மூணாவது பத்தி, "பூ" முடிஞ்ச பிறகு வர்ற கோரஸ், அப்புறம் கடைசிச் சுற்று முழுக்கன்னு நேரம் குறிச்சு அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரலை.

ராக்கெட் ஊர்க்காரன் எழுதியது:

பாலா, வருகிற சனிக்கிழமை ஷெஃபீல்டு போகிறேன். ஸ்வாம்பர்ஸ் ஸ்டுடியோ 3614 ஜாக்சன் ஹைவேயில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. இங்கிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் அட்லாண்டாவிலிருந்து வெள்ளி இரவே வந்தால் என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். அந்த அம்மாவுக்கு வர விருப்பமிருந்தால் பின் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.